மூன்று வரவுகள், ஒரு முடக்கம்: பிரிட்டனில் ஒரு மாணவியின் வங்கிக் கணக்கு

இந்த நிகழ்வு 2025 ஜனவரிக்கும் நவம்பருக்கும் இடையே நடந்தது. பிரிட்டனுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, வீடு பார்க்கக் கூடப் போவது, வங்கிக் கிளைக்குத் துணையாகச் செல்வது போன்ற சிறு உதவிகளைச் செய்யும் சிலரில் நானும் ஒருவன் என்பதால், இதன் முற்பகுதியை நேரிலும் பிற்பகுதியை ஆவணங்களின் வழியாகவும் அறிந்தேன். மாணவியின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வங்கியின் பெயரும் இங்கே வேண்டியதில்லை; வேறு எந்த வங்கியாக இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதையேதான் செய்திருக்கும்.

வங்கிக் கணக்கின் பாதுகாப்பு என்றாலே கடவுச்சொல், ஓ.டி.பி., போலிக் குறுஞ்செய்தி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இந்த மாணவி அவற்றில் எதிலும் ஏமாறவில்லை. அவருடைய கணக்கிலிருந்து ஒரு பென்னிகூடத் திருட்டுப் போகவில்லை. கணக்குக்குள் வந்த பணம்தான் அவரைச் சிக்கவைத்தது. அதைப் புரிந்துகொள்ள, கணக்குத் திறந்த நாட்களிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கணக்குத் திறக்க ஐந்து வாரம்

மாணவி 2025 ஜனவரி நடுவில் முதுகலைப் படிப்புக்கு வந்து சேர்ந்தார். கையில் இருந்தவை இந்தியாவில் பணம் ஏற்றிய ஒரு ஃபாரெக்ஸ் கார்டும், ஒரு வாரத்துக்கான தங்கும் விடுதி முன்பதிவும். வாடகை அறை கேட்ட இடங்களில் உள்ளூர் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றார்கள்; கணக்குத் திறக்கப் போன வங்கியில் உள்ளூர் முகவரிக்குச் சான்று இருக்கிறதா என்றார்கள். புதிதாக வரும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் வட்டம் இது. மாணவர்களைப் பொறுத்தவரை இதை உடைக்கும் கருவி பல்கலைக்கழகம் தரும் வங்கிக் கடிதம்தான். எந்த வங்கிக்கு என்று பெயர் குறிப்பிட்டு, படிப்புக் காலம், சொந்த ஊர் முகவரி, இங்குள்ள முகவரி மூன்றும் இருக்குமாறு அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவான சேர்க்கைக் கடிதத்தை நீட்டினால் பல கிளைகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடிதம் கிடைத்த பிறகும் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் பெயர். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை உண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாணவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவருக்கு இருப்பது ஒரே பெயர், அதற்கு முன்னால் தந்தையின் முதலெழுத்து. பல்கலைக்கழகத்தின் மென்பொருள் காலிக் கட்டத்தை ஏற்காததால் அந்த ஒரே பெயரை முன்பெயராகவும் குடும்பப் பெயராகவும் இரண்டு முறை எழுதிக்கொண்டது. ஈ-விசாவில் அந்தப் பெயர் ஒரு முறை மட்டுமே இருந்தது. வங்கியின் செயலி குடும்பப் பெயரைக் கேட்டபோது, மாணவி நியாயமாகவே தந்தையின் பெயரை முழுதாக எழுதினார். ஆக, ஒரே ஆளுக்கு மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்கள். கணினிக்கு இவர்கள் மூன்று பேர்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவதும், எழுத முடியாத இடத்தில் பல்கலைக்கழகம் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியே எழுதிவிட்டு, கிளையில் ஒருவரிடம் நேரில் விளக்குவதும்தான். இரண்டாம் முறை நானும் உடன் போனேன். கிளை ஊழியர் முதலில், நாட்டில் தங்க அனுமதி உண்டு என்று காட்டும் பயோமெட்ரிக் அட்டையைக் கேட்டார். அந்த அட்டை 2024 அக்டோபர் இறுதியோடு புதிதாக வழங்கப்படுவதே நின்றுவிட்டது, இப்போது ஈ-விசாதான் என்று சொல்லி, அரசுத் தளத்திலிருந்து, ஈ-விசாவை மற்றவர் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு எண்ணை எடுத்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். 2014-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, நாட்டில் தங்க அனுமதி இல்லாதவருக்கு நடப்புக் கணக்குத் திறந்து தர வங்கிக்கு உரிமை கிடையாது. எனவே இந்தக் கேள்வியைக் கேட்பது அவர்கள் கடமை. கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அங்கேயும் மறுத்திருந்தால் இன்னொரு வாசல் இருந்தது. 2015-ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் கணக்குகள் ஒழுங்குவிதிகளின்படி, பிரிட்டனின் பெரிய வங்கிகள் சில, சட்டப்படி நாட்டில் தங்கியிருப்பவருக்கு அடிப்படைக் கணக்கு ஒன்றைக் கட்டணமின்றித் தர வேண்டும். கிளை ஊழியர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 20-ஆம் தேதி கணக்கு திறந்தது. அப்போது செயலி கேட்ட இரண்டு கேள்விகளை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் எவ்வளவு பணம் வரும் என எதிர்பார்க்கிறீர்கள்? அது எங்கிருந்து வரும்? மாணவி முதல் கேள்விக்கு ஆயிரம் பவுண்டுக்குள் என்றும், இரண்டாவதற்குப் பகுதிநேரச் சம்பளம், குடும்ப உதவி என்றும் பதில் கொடுத்தார். உண்மையான பதில்கள். அவற்றைத் தொட்டு முடிக்கப் பத்து வினாடி ஆகியிருக்கும். அதே நாளில் அவர் மறந்தும் போனார். வங்கி மறக்கவில்லை.

22,600 ரூபாய்

இரண்டாம் தவணைக் கல்விக் கட்டணம் 4,000 பவுண்டை மார்ச் 28-க்குள் கட்ட வேண்டியிருந்தது. தந்தை அந்த நிதியாண்டில் முதல் தவணைக்கும் செலவுக்குமாக ஏற்கெனவே ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல் தம் சேமிப்பிலிருந்து அனுப்பியிருந்தார். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வகைசெய்யும் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், அன்றைய விதிப்படி, சொந்தப் பணத்தில் படிப்புக்காக ஏழு லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு 5 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வங்கி சொன்ன விலை பவுண்டுக்கு 113 ரூபாய். 4,52,000 ரூபாய் அனுப்ப 22,600 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

மாணவி இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில், பவுண்டு வேண்டுவோரும் ரூபாய் வேண்டுவோரும் மாற்றிக்கொள்வது வாடிக்கை. அதில் ஒருவர் பவுண்டுக்கு 110 ரூபாய் என்றார். தந்தை இந்தியாவில் ஒரு கணக்கில் 4,40,000 ரூபாய் போட்டால், மகளின் கணக்குக்கு இங்கே 4,000 பவுண்ட் வரும், எல்லை தாண்டிப் பணம் எதுவும் போகாது, டி.சி.எஸ். இல்லை. ஈழத்தமிழர்களும் வளைகுடாவில் வேலைபார்த்தவர்களும் தலைமுறைகளாக உண்டியல் என்று அழைத்துவரும் முறையின் கைபேசிப் பதிப்பு இது. அந்த உரையாடலை நான் முழுதாகப் படித்திருக்கிறேன். ஓரிடத்தில் மாணவி கேட்கிறார்: "அண்ணா, இது லீகல்தானே? பிரச்சினை எதுவும் வராதே?" பதில்: "இங்க எல்லாரும் இப்படித்தான்மா பண்றாங்க. பயப்படாத. உன் சீனியர்ஸ்கிட்ட கேட்டுப் பாரு." அவர் சீனியர்களிடம் கேட்டார். அவர்களும் ஆமாம் என்றார்கள்.

மார்ச் 24 காலையில் தந்தை ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருந்த கணக்குக்கு ரூபாயை அனுப்பினார். பிற்பகலில் மகளின் கணக்குக்கு 1,900, 1,350, 750 என மூன்று வரவுகள் வந்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு பெயர்களிலிருந்து. மூன்றில் எதுவும் குழுவில் பேசிய அண்ணனின் பெயர் இல்லை. நடு வரவின் குறிப்பில் மட்டும் இரண்டு சொற்கள் இருந்தன: ரூம் டெபாசிட்.

அந்தக் குறிப்பை மாணவி பார்த்தார். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பி, "இது என்ன அண்ணா, ரூம்னு போட்டிருக்கு?" என்று கேட்கவும் செய்தார். "என் ஃப்ரெண்டு மாத்திப் போட்டுட்டான், விடு" என்று பதில் வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 4,000 பவுண்டையும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டி முடித்தார். கணக்கில் மீதம் 612 பவுண்ட்.

கல்லாவில் நின்றுபோன அட்டை

மார்ச் 26 மாலை, கடையில் அரிசியும் பாலும் வாங்கிக் கல்லாவில் நின்றபோது அட்டை மறுக்கப்பட்டது. செயலியைத் திறந்தால், தொடர்புகொள்ளுமாறு ஒரே வரி. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய ஊழியர், கணக்கு ஆய்வில் இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது, எப்போது முடியும் என்றும் சொல்ல இயலாது என்றார். மறுநாள் கிளையிலும் இதே பதில். மாணவி இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஊழியரின் மௌனத்துக்குச் சட்டக் காரணம் உண்டு. குற்றத்தில் வந்த பணம் என்று சந்தேகம் எழுந்தால் வங்கி தேசியக் குற்றவியல் முகமைக்கு அறிக்கை தர வேண்டும். அப்படி அறிக்கை போயிருப்பதை வாடிக்கையாளருக்குக் கசியவிடுவதே 2002-ஆம் ஆண்டின் குற்றவழி வருமானச் சட்டத்தில் தனிக் குற்றம். பணத்தை நகர்த்த வங்கி அனுமதி கேட்டிருந்தால் முகமைக்குப் பதிலளிக்க 7 வேலை நாள் உண்டு. முகமை மறுத்தால் மேலும் 31 நாள் நிறுத்திவைக்கலாம். அதற்கு மேலும் நீட்டிக்க நீதிமன்றத்தை நாடலாம். இந்த நாட்களில் கிளை மேலாளரிடம் கெஞ்சுவதாலும் சண்டை போடுவதாலும் ஒன்றும் நகராது. அவருக்கே பெரும்பாலும் எதுவும் தெரியாது.

ஏப்ரல் நடுவில் கடிதம் வந்தது. கணக்கு மூடப்படுகிறது, காரணம் தெரிவிக்க இயலாது. இரண்டாவது வங்கியில் விண்ணப்பித்தார். சில நிமிடங்களில் நிராகரிப்பு. மூன்றாவதிலும் அப்படியே. கைபேசிக்கு மாதச் சந்தா எடுக்கப் போன இடத்திலும் மறுத்துவிட்டார்கள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, வங்கி அவர் பெயரில் சிஃபாஸ் அமைப்பில் குறி வைத்திருக்கிறது என்று. மோசடித் தகவல்களை வங்கிகளும் பிற நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளம் அது. கணக்கைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற வகையில் ஒரு பதிவு விழுந்தால் 6 ஆண்டுகள் இருக்கும். அடிப்படைக் கணக்கு பெறும் உரிமைகூட அந்தப் பதிவுக்கு எதிரே வலுவிழந்துபோகும்.

வங்கி என்ன பார்த்தது

அந்தத் திரைக்குப் பின்னால் நடந்ததைப் பிற்பாடு கிடைத்த ஆவணங்களிலிருந்து ஓரளவு தொகுக்க முடிந்தது. 1,350 பவுண்டை அனுப்பியவர், இணையத்தில் பார்த்த ஓர் அறைக்கு முன்பணமாக அதை அனுப்பியிருந்தார். அப்படி ஓர் அறையே இல்லை. அவரும் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர். விளம்பரம் போட்ட மோசடிக்காரர், முன்பணம் போட வேண்டிய கணக்கு என்று நம் மாணவியின் சார்ட் கோடையும் (வங்கியையும் கிளையையும் குறிக்கும் எண்) கணக்கு எண்ணையும் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் அறை தேடியவரின் பவுண்ட் மாணவிக்கு. மறுபக்கம் மாணவியின் தந்தையுடைய ரூபாய் மோசடிக்காரரின் ஆளுக்கு. திருட்டுப் பணம் சுத்தமான ரூபாயாக மாறிவிட்டது. மாற்றிக்கொடுத்த இயந்திரம் மாணவியின் கணக்கு. இத்தகைய ஆளை இங்கே மணி மியூல் என்பார்கள். முதுகில் ஏற்றப்பட்ட மூட்டை யாருடையது என்று அறியாமல் நடக்கும் கோவேறு கழுதை.

இதில் மாணவிக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனில் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக்குள் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்ட் வரை வங்கிகள் ஈடு தர வேண்டும். அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். அதற்கு முன்பு, பணம் பெறும் கணக்கைக் கூர்ந்து பார்க்கப் பெற்ற வங்கிக்குப் பெரிய பண நோக்கம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. என் கணிப்பில், இந்த மாற்றத்தை நம் மாணவர்கள் இன்னும் உணரவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் சீனியருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குச் சான்றாகாது.

இனி வங்கியின் கண்ணால் அந்தப் பிற்பகலைப் பாருங்கள். ஒரு மாத வயதுள்ள கணக்கு. ஆயிரத்துக்குள் வரும், சம்பளமும் குடும்பமும்தான் என்று எழுதிக்கொடுத்தவர். ஒரே பிற்பகலில் தொடர்பில்லாத மூவரிடமிருந்து நான்கு மடங்கு பணம். வந்த மணி நேரத்துக்குள் மொத்தமும் வெளியே. இந்த வடிவம் மணி மியூல் கணக்கின் வடிவமேதான். பணம் போனது பல்கலைக்கழகத்துக்கு என்பதுகூட அவருக்குச் சாதகமாக முதலில் பார்க்கப்படவில்லை, ஏனென்றால் திருட்டுப் பணத்தில் கல்விக் கட்டணம் கட்டுவதும் நடப்பதுதான்.

மாணவி குற்றவாளியா? எனக்கு இதில் தயக்கமில்லை: அவர் திருட்டு என்று அறிந்து செய்யவில்லை. ஆனால் குற்றவழி வருமானச் சட்டத்தில் அறிந்திருப்பது மட்டுமல்ல, சந்தேகப்பட்டிருப்பதும் கணக்கில் வரும். மிகக் கடுமையான நிலையில் 14 ஆண்டு வரை தண்டனைக்கு இடமுண்டு. ரூம் டெபாசிட் என்ற குறிப்பைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்த நொடியில், அவர் மனத்தில் சந்தேகம் எழுந்தது என்று ஒருவர் வாதிட முடியும். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பணத்தைத் தொடாமல், பல்கலைக்கழகத்துக்கும் கட்டாமல், அனுப்பியவர் என்று சொல்லிக்கொள்பவர் கொடுக்கும் வேறு கணக்குக்குத் திருப்பியும் விடாமல், வங்கிக்குத் தாமாகவே தெரிவித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். தவறாக வந்த பணத்தை நல்லெண்ணத்தில் வேறொரு கணக்குக்குத் திருப்புவதும் மியூல் வேலையாகவே முடியும். வந்த வழியிலேயே திருப்புவதை வங்கி செய்யும்.

தந்தையின் பக்கமும் சுத்தமில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்குச் சேர வேண்டிய பணத்துக்காக அங்கீகாரம் பெறாத ஒருவருக்கு இந்தியாவில் ரூபாய் கொடுப்பது 1999-ஆம் ஆண்டின் ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை மீறுவது. அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். அவர் ஒரு பட்டயக் கணக்கரிடம் போய் ஆலோசனை பெற்றார். அங்கேதான் அவருக்கு இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒன்று, டி.சி.எஸ். என்பது செலவே அல்ல; வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பக் கேட்கலாம். இரண்டு, தவணையின் கடைசி நாளுக்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 1-இல் புதிய நிதியாண்டு தொடங்கியது. அன்றிலிருந்து வரம்பும் பத்து லட்சமாக உயர்ந்தது. பல்கலைக்கழகத்திடம் ஒரு வார அவகாசம் கேட்டிருந்தால் டி.சி.எஸ். ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

குறியை நீக்கிய ஏழு மாதம்

முதல் நாட்களில் ஒரு தவறு நடக்க இருந்தது. பகுதிநேர வேலையில் சம்பளம் போடக் கணக்கு கேட்டார்கள். அறைத்தோழி தன் கணக்கு எண்ணைக் கொடுக்க முன்வந்தார். அதை நான் கடுமையாகத் தடுத்தேன். அடுத்தவர் சம்பளம் வந்து விழும் கணக்கும் அதே வடிவத்தில்தான் தெரியும்; ஒருவர் விழுந்த குழியில் இரண்டு பேர் விழ வேண்டாம். உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கமான உள்ளூர்க் கிரெடிட் யூனியன் ஒன்று, விவரம் கேட்டு, ஆவணம் பார்த்து, சம்பளம் மட்டும் வரும்படியான கணக்கு ஒன்றைத் திறந்து தந்தது. மூன்று வாரச் சம்பளம் அதுவரை முதலாளியிடமே நின்றது.

பிறகு முறைப்படி நகர்ந்தோம். சிஃபாஸிடமும் வங்கியிடமும் தம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலைத் தருமாறு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டார். கட்டணமில்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். குறியின் வகையும் தேதியும் எந்த வரவைச் சார்ந்தது என்பதும் அதில்தான் தெரிந்தன. அதன்பின் வங்கிக்கு எழுத்தில் புகார். இணைத்தவை: வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும், தந்தையின் ரூபாய்ப் பரிமாற்றத்துக்கான வங்கி அறிக்கை, பல்கலைக்கழகத்தின் கட்டணக் கேட்பு, மணிவாரியான நிகழ்வு வரிசை. உரையாடலில் தமக்குப் பாதகமாகத் தெரிந்த இரண்டு செய்திகளை நீக்கிவிடலாமா என்று மாணவி கேட்டார். கூடாது என்றேன். வெட்டிய உரையாடல் வெட்டப்பட்டது என்று தெரிந்த கணமே மற்ற எல்லாச் சான்றும் மதிப்பிழக்கும். தமிழ்ச் செய்திகளைத் தமிழிலேயே வைத்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பையும் கொடுத்தோம்.

வங்கி எட்டு வாரத்தின் முடிவில் மறுத்தது. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணமில்லை. ஜூலையில் போனார். குறைதீர்ப்பாளர் பார்க்கும் கேள்வி நாம் நினைப்பதைவிடக் குறுகியது. கணக்கில் மோசடிப் பணம் வந்ததா என்பது மட்டும் போதாது. வாடிக்கையாளர் தெரிந்தே உடந்தையாக இருந்தார் என்பதற்கு வெறும் சந்தேகத்தைத் தாண்டிய தெளிவான சான்று வங்கியிடம் இருக்க வேண்டும். வந்த பவுண்டுக்கு ஈடாக அதே நாளில் முழு விலை ரூபாயாகக் கொடுக்கப்பட்டிருப்பதும், மாணவிக்கு இதில் கூலி எதுவும் கிடைக்கவில்லை என்பதும், பணம் அவருடைய சொந்தக் கல்விக் கட்டணத்துக்கே போனதும் அவருக்கு ஆதரவாக அமைந்தன. மியூலாகத் தெரிந்தே வேலைசெய்பவர் பணம் பெறுவார். இவர் பணம் கொடுத்திருந்தார்.

நவம்பரில் குறி நீக்கப்பட்டது. கணக்கை மூடியது வங்கியின் உரிமைக்கு உட்பட்டது என்றே முடிவாயிற்று. மீதமிருந்த 612 பவுண்ட் அறைக்கு முன்பணம் அனுப்பியவருக்கான ஈட்டில் சேர்க்கப்பட்டது. அதைத் திரும்பக் கேட்க மாணவி விரும்பவில்லை. குழுவில் பேசிய அண்ணனின் எண் ஏப்ரலிலேயே அணைந்துவிட்டது.

இப்போது நான் வேறுவிதமாகச் சொல்பவை

இந்த நிகழ்வுக்கு முன், புதிதாக வருபவர்களுக்கு நான் சொன்ன அறிவுரையில் பாதிக்கு மேல் போலி அழைப்புகளைப் பற்றியது. அது இன்றும் தேவைதான். வங்கியிலிருந்து என்று யாரேனும் அழைத்துப் பணத்தைப் 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்றச் சொன்னால் வைத்துவிட்டு 159 எண்ணை அழைத்துத் தம் வங்கியோடு பேச வேண்டும். விசா பிரச்சினை என்று சொல்லித் தொலைபேசியில் அபராதம் கேட்பவர் உள்துறை அலுவலகத்தைச் சேர்ந்தவர் அல்லர். தெரியாமல் பணம் எடுக்கப்பட்டிருந்தால் உடனே, எப்படியும் 13 மாதத்துக்குள், சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

கூடுதலாக நேரம் எடுத்துச் சொல்வது வேறு. கணக்குத் திறக்கும்போது வரவைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு, வரப்போகும் கல்விக் கட்டணத் தவணைகளையும் சேர்த்து உண்மையான மேல்வரம்பைக் கொடுக்கச் சொல்கிறேன்; பெரிய தொகை வரும் முன் செயலியின் உரையாடலில் இரண்டு வரி எழுதிவைக்கச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் நேரடியாக வெளிநாட்டுப் பணத்தை வாங்குமானால் கட்டணத்தைத் தம் கணக்கு வழியாகச் சுற்றவிட வேண்டியதே இல்லை. வரவுக்கு எதிரே இருக்கும் பெயர் தமக்குத் தெரிந்த, தாமே விளக்கக்கூடிய பெயராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு மாற்றுப் பணம் இந்தச் சோதனையில் எப்போதும் தோற்கும், ஏனென்றால் அங்கே பேசுபவர் ஒருவர், அனுப்புபவர் வேறொருவர். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, பயன்படாத கணக்கை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று வருபவர்கள் உண்டு. விமானம் ஏறும் முன் கணக்கை மூடிவிட்டு, மூடியதற்கான கடிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயர்ச் சிக்கலையும் நான் முன்பு சிறு எரிச்சலாகத்தான் பார்த்தேன். இப்போது அதில் ஓர் ஆபத்து தெரிகிறது. பிரிட்டனில் பணம் அனுப்பும்போது, பெறுபவர் பெயர் கணக்கோடு பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்லும். ஒற்றைப் பெயர்க்காரர்களான நம் மாணவர்களுக்கு ஒருவருக்கொருவர் ஐந்து பவுண்ட் அனுப்பினாலும் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்து வந்து, அதைப் படிக்காமலே தாண்டிப் போகக் கை பழகிவிடுகிறது. அறைக்கு முன்பணம் அனுப்பியவர் எப்படித் தாண்டினார் என்று எனக்குத் தெரியாது. மாணவியின் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி இருந்தாலும் அது வீட்டுக்காரரின் பெயராக இருந்திருக்க முடியாது.

மாணவியின் புதிய கணக்கு டிசம்பரில் திறந்தது. அடுத்த தவணையைத் தந்தை வங்கிக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பி, கட்டணக் கேட்பை இணைத்து அனுப்பினார். இரண்டு வேலை நாள் ஆனது. வங்கி அறிக்கையில் ஒரே வரவு. அதற்கு எதிரே, முதலெழுத்தும் புள்ளியும் உட்பட, தந்தையின் பெயர்.